டிப்போ மேட்டில் முதலிடம்

என் வீட்டுக்காரர் ரொம்ப நேர்மையானவர். அந்த நேர்மையால்தான் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார்.

நான் பேருந்து ஓட்டுநர். எங்கள் டிப்போ செங்குத்தான ஒரு மேட்டின் உச்சியில் இருக்கிறது. தினமும் கூடை வைத்த சைக்கிளில்தான் ஏறிப் போகிறேன். அவர் டைல்ஸ் கடையில் கணக்கு பார்க்கிறவர். ஞாயிற்றுக்கிழமையானால் பளபளவென்று கறுப்பு டவுசர் மாட்டிக்கொண்டு சைக்கிள் சங்கத்தோடு அதே மேட்டில் ஏறுவார். யார் எவ்வளவு வேகம் என்று ஒரு செயலி வரிசைப்படுத்திக் காட்டும். அதில் இவர் பெயரைத் தேடினால் விரல்தான் வலிக்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்கு நேரமாகிவிட்டது. அவசரத்தில் என்னுடையது என்று நினைத்து அவர் போனை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். சைக்கிள் நகர்ந்தாலே தானாகக் குறித்துக்கொள்ளும்படி அவர் செயலியை வைத்திருந்தது எனக்கெப்படித் தெரியும்? முதல் பேருந்தை நேரத்துக்கு எடுக்காவிட்டால் மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டுமே என்று பேய் மிதி மிதித்தேன்.

மாலையில் நான் திருப்பிக் கொடுத்த போனைத் திறந்தவர், சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேட்டில் முதலிடம், அவர் பெயரில்!

"ஐயோ, அது நான்தாங்க!" என்றேன். பிறந்ததிலிருந்து நான் எதிலுமே முதலாவதாக வந்ததில்லை.

அவர் சிரித்தார். "கூடை வச்ச சைக்கிள்லயா? சும்மா இரும்மா. அந்த வளைவுல மரம் ஜாஸ்தி, ஜிபிஎஸ் தாறுமாறா காட்டும். நான் காலைல தும்மிக்கிட்டுப் படுத்திருந்தேன், எனக்கு எதுக்கு முதலிடம்? அநியாயம்."

நான் மறுபடி வாய் திறப்பதற்குள் அந்தப் பதிவை அழித்தே விட்டார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது.

"நீங்க ஓட்டலைன்னா யாருமே ஓட்டலைன்னு ஆயிடுமா?"

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவர் முகம் சுருங்கிவிட்டது. "ஞாயித்துக்கிழமை நானும் வரேன். என் போன்ல, என் பேர்ல," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சங்கத் தலைவரான பல் டாக்டர் என் கூடையைப் பார்த்தார். "மார்க்கெட்டுக்காம்மா?"

"ஆமா டாக்டர். நடுவுல உங்க மேடு ஒண்ணு குறுக்க வருது."

எல்லோரும் சிரித்தார்கள். மேட்டின் அடியிலிருந்து கிளம்பும்போதும் அந்தச் சிரிப்பு ஓயவில்லை. முதல் வளைவு வரை என் வீட்டுக்காரர் மூச்சிரைப்பது பின்னால் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை. நான் உச்சியில் இறங்கி அரை பாட்டில் தண்ணீர் குடித்த பிறகுதான் டாக்டர் வந்து சேர்ந்தார். பல் தெரியச் சிரிக்கவில்லை.

செயலியில் என் பெயர் முதலிடத்தில் ஏறியது. சாயங்காலம் அதன் கீழே டாக்டர் எழுதியிருந்தார்: "சந்தேகமாக இருக்கிறது. மோட்டார் மறைத்து வைத்த சைக்கிளா? நீக்க வேண்டும்." ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! எனக்கு ரத்தம் கொதித்தது.

வீட்டுக்காரர் தன் போனை எடுத்தார்.

"எதையாவது அழிச்சீங்க, அப்புறம் நடக்கிறதே வேற!"

அவர் வெகுநேரம் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைச் செருமிவிட்டு, சங்கத்தில் எல்லோரும் பார்க்கும்படி அனுப்புவதற்காக எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்: "அந்தச் சைக்கிளை மாதாமாதம் துடைத்து எண்ணெய் போடுகிறவன் நான். மோட்டார் கிடையாது. இன்று என் மனைவிக்குப் பின்னால் வந்தேன். முதல் வளைவுக்கு மேல் முதுகுகூடத் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை முதலிடமும் அவளுடையதுதான். நம்பாமல் அழித்தவன் நான்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தேன்.

"அனுப்பட்டுமா?" என்று கேட்டார்.

இந்தத் தடவை, நான் சரி என்று சொல்லும்வரை காத்திருந்தார்.