காரியத்தன்று நல்லமுத்து பாடினார்

நல்லமுத்துவின் பாட்டைக் கேட்டுவிட்டு, "யாருப்பா இவன், தொண்டையில முள்ளு சிக்கிக்கிட்ட மாதிரி?" என்று கேட்காத ஆள் விருத்தாசலத்தில் இல்லை. கேட்ட அத்தனை பேரிடமும் நான் சண்டை போட்டிருக்கிறேன். கிடாரும் டிரம்ஸும் இடிக்க இடிக்க அலறிப் பாடுகிற ஹெவி மெட்டல் என்ன சும்மாவா? முதல் ஆல்பத்தில் அவரிடம் வேகம் மட்டும்தான் இருந்தது. இரண்டாவது சுமார்தான், ரசிகன் நானே சொல்கிறேன். மூன்றாவதில்தான் மனுஷன் நிதானத்துக்கு வந்தார். அதில் சூளையைப் பற்றி ஒரு பாட்டு. முடிவில் வார்த்தையே கிடையாது, மூச்சு தீரும்வரை ஒரே அலறல். பெங்களூரில் அதற்காகவே கூட்டம் காத்துக்கிடக்கும். இங்கே அவர் பீங்கான் பட்டறையில் கரண்ட் ஃபியூஸ் கேரியருக்கு கிளேஸ், அதாவது பளபளப்புப் பூச்சு, போடுகிற ஆள், அவ்வளவுதான். மங்கலம்பேட்டையிலிருந்து வேலைக்கு வரும் எனக்கு அங்கே அவருக்குப் பக்கத்து இடம்.

போன மாதம் மாரடைப்பில் போய்விட்டார். எனக்கு அழுகைகூட வரவில்லை, கோபம்தான் வந்தது. இந்த ஊர் ஒருமுறையாவது அவர் குரலை முழுசாகக் கேட்க வேண்டும். முக்கியமாக அவருடைய அம்மா ஆதிலட்சுமி கேட்க வேண்டும். மகனின் கச்சேரிக்கு அவர் ஒருநாளும் போனதில்லை.

காரியத்தன்று, இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்துப் படைத்தார்கள். மைக்செட் தங்கதுரையிடம் பென் டிரைவை நீட்டினேன். "அண்ணே, அவருக்கு சோத்தவிட பாட்டுதான் புடிக்கும். அதையும் வைங்க."

"இதப் போட்டா என் ஸ்பீக்கர் கிழிஞ்சிடும்பா" என்று முனகிக்கொண்டே போட்டார்.

சூளைப் பாட்டின் அலறல் தெருவெல்லாம் கேட்டது. சாவுக்கு வர முடியாமல் போன உறவுக்காரப் பெண்கள் அப்போதுதான் சேத்தியாத்தோப்பு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். உள்ளே யாரோ மாரடித்து அழுவதாக நினைத்து, முனையிலிருந்தே "ஐயோ, எஞ்சாமி" என்று குரலெடுத்து ஓடிவந்தார்கள். ஆதிலட்சுமி அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து, ஸ்பீக்கரில் வந்த குரலோடு சேர்ந்து ஒப்பாரி வைத்தார்கள். சுருதிகூட விலகவில்லை. பெங்களூர்க் கூட்டம்கூட அவரோடு இப்படிச் சேர்ந்து பாடியதில்லை. அப்போதுதான் நான் அழுதேன்.

பாட்டு முடிந்ததும் அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"ரயீஸு, எம் புள்ள இப்படியா அழுதுக்கிட்டு இருந்தான்? வூட்ல ஒரு வார்த்த சொல்லலியே. சும்மா கத்துறான்னு இல்ல நெனச்சிட்டேன்."

"அழுவலம்மா. அது பாட்டுங்க. இதப் பாடுறப்ப அவரு அவ்ளோ சந்தோஷமா இருப்பாரு. நான் பாத்திருக்கேன்."

"என் மனசு ஆறணும்னு சொல்ற. பெத்தவளுக்குத் தெரியாதா?"

எனக்குப் பதறிவிட்டது. ஊர் கேட்கட்டும் என்று போட்ட பாட்டு இந்த அம்மாவுக்கு இப்படியா போய்ச் சேர வேண்டும்? அவசரமாக போனை எடுத்து பெங்களூர் வீடியோவைக் காட்டினேன். மேடை வெளிச்சத்தில் நல்லமுத்து கண்களை மூடி, தலையைப் பின்னால் சாய்த்து நின்றார். கன்னமெல்லாம் வியர்வை வழிந்தது.

"இதோ பாரு, கண்ணுல தண்ணி" என்று சொல்லி, அம்மா முந்தானையை எடுத்து போனில் தெரிந்த முகத்தைத் துடைத்துவிட்டார்.

நான் போனை அவர் கையிலேயே விட்டுவிட்டேன்.