இடம் பத்தாத கமரா

1.

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கதையாக வந்திருக்கவே கூடாது. ஒரு வார இதழின் தொழில்நுட்பப் பக்கத்துக்கு, 'முதல் ஃபுல் ஃபிரேம் கமராவைத் தேர்ந்தெடுப்பது எப்படி?' என்று கட்டுரை கேட்டார்கள். எனக்குக் கமராவைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனாலேயே உடனே ஒப்புக்கொண்டேன். தெரிந்த விஷயத்தை எழுதச் சொன்னால்தான் எனக்குச் சோம்பல் வந்துவிடும்.

பதுளை பஸாரில் ஹஸீப் நானாவின் கமராக் கடைக்குப் போனேன். கண்ணாடி மேசைக்கு முன்னால் கலாராணி நின்றுகொண்டிருந்தாள். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துப் பெண். அந்தப் பக்கத்துக் கலியாணம், சடங்கு, பிறந்தநாள் எதுவானாலும் படம் எடுக்க அவள்தான் போவாள். கையில் ஒரு பழைய ஃபுல் ஃபிரேம் கமரா. யாரோ பாவித்துவிட்டு விற்றது. அதை அவள் திருப்பித் திருப்பிப் பார்த்த விதத்தில், முதல் தடவை பார்க்கிறவள் மாதிரித் தெரியவில்லை.

"மாசக் கணக்கா வந்து பாத்திட்டு வச்சிட்டுப் போறாங்க" என்றார் ஹஸீப் நானா. "நான் அதை வித்திரக் கூடாதாம். அவங்க வாங்கவும் மாட்டாங்களாம். என்ன நியாயம் செல்லுங்க?"

கட்டுரைக்கு வேண்டியதையெல்லாம் கலாராணியே சொல்லித் தந்தாள். கமராவுக்குள் வெளிச்சத்தை வாங்கும் தகடு ஒன்று இருக்கிறது. அவளிடம் இருக்கும் சாதாரணக் கமராவில் அது சின்னது, ஃபுல் ஃபிரேமில் பெரியது. பெரியதாக இருந்தால் இருட்டிலும் படம் தெளிவாக விழும். அதே லென்ஸை மாட்டினாலும் இரண்டு ஓரமும் கூடுதலாகத் தெரியும். (இந்த ஓரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை.)

அத்தோடு எழுந்து வந்திருந்தால் கட்டுரை முடிந்திருக்கும். நான் சும்மா இருக்காமல் ஒரு கேள்வி கேட்டேன்.

"இவ்வளவு தெரிஞ்சும் ஏம்மா வாங்கல?"

அவள் கமராவைக் கீழே வைத்தாள். "வாங்கணும்ணே" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

2.

முதல் ஆரம்பம்: 'பனி மூடிய மலைச்சரிவில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே, கனவுகளைச் சுமந்தபடி அந்த இளம்பெண் —'

[வெட்டியாயிற்று. பதுளைப் பக்கம் கதை எழுத உட்கார்ந்தால் பனி தானாகவே வந்துவிடுகிறது. அன்றைக்கு மண்டை பிளக்கும் வெயில்.]

இரண்டாவது ஆரம்பம்: 'கமராவைத் தொட்டதும் கலாராணியின் கண்கள் கலங்கின. வறுமை —'

இதை அவளுக்கே வாட்ஸப்பில் அனுப்பினேன். அது நான் செய்த மடத்தனம். குரல் பதிவாகப் பதில் வந்தது.

"அண்ணே, நான் எப்பண்ணே கண்ணு கலங்குனேன்? அன்னைக்கு எனக்குப் பசி. அப்புறம் வறுமை வறுமைன்னு எழுதாதீங்க. அந்தக் கமராவுக்குக் காசு எடுத்து வச்சாச்சு. காசு இல்ல பிரச்சினை."

அதற்குப் பிறகு இந்தக் கதையில் அவள் சம்மதம் இல்லாமல் ஒரு வாக்கியமும் நிற்பதில்லை. நீங்கள் வாசிப்பது அவள் விட்டுவைத்த மிச்சம்.

மூன்றாவது ஆரம்பத்தைத்தான் மேலே வாசித்தீர்கள்.

3.

அப்படியானால் எதுதான் பிரச்சினை? அவள் சொன்ன காரணங்களை ஒவ்வொன்றாக ஹஸீப் நானாவிடம் கொண்டுபோனேன். கமரா கனம் என்கிறாளே?

"கலியாண வீட்டுல பந்திப் பாத்திரத்தைத் தூக்கித் தள்ளி வச்சிட்டுப் படம் எடுக்கிற புள்ளைக்கு இது கனமா?"

புது மாதிரி வரப்போகிறதாமே?

"புதுசு எப்பவும்தான் வரும். அதைப் பாத்துட்டு இருந்தா நான் கடையை மூடணும்."

லென்ஸ் ஒத்துவராதாமே?

அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். "அவங்கட்ட இருக்கிற நல்ல லென்ஸ் இதுக்கு அப்படியே மாட்டும். நானே மாட்டிக் காட்டினேன். கண்ணை வச்சுப் பாத்தாங்க. பாத்திட்டு முகமே மாறிப்போச்சு. அந்த நாள்லருந்துதான் இந்தச் சாட்டுப்போக்கெல்லாம்."

வாசகரே, நான் துப்பறியும் கதை எழுதுகிறவன் அல்ல. ஆனாலும் அந்த இடத்தில் எனக்குக் காது நிமிர்ந்துவிட்டது. லென்ஸ் மாட்டாததால் முகம் மாறுவது சரி. மாட்டியதால் ஏன் மாற வேண்டும்?

4.

இங்கே ஒரு அறையை வர்ணிக்க வேண்டியிருக்கிறது. வர்ணனை பிடிக்காதவர்களும் இதை மட்டும் தாண்டாதீர்கள்.

ஸ்பிரிங்வெளியில் கலாராணியின் லயத்துக் காம்பரா, தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்று. முன்னறை ஒன்று, அதற்குப் பின்னால் அடுப்படி. முன்னறைச் சுவரில் அப்பாவின் படம், மாலையோடு. அவர் போய் ஆறு வருடமாகிறது. வீட்டில் எந்த நல்ல காரியமானாலும் அந்தப் படத்துக்கு முன்னால் நின்றுதான் குடும்பப் படம் எடுப்பார்கள்.* படத்துக்கு வலது பக்கம் அடுப்படி வாசல். எதிர்ச் சுவரில் அலுமாரி. கலாராணி அந்த அலுமாரியில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றுதான் கமராவைத் தூக்குவாள். அதற்கு மேல் பின்னால் போவதென்றால் பக்கத்துக் காம்பராவுக்குத்தான் போக வேண்டும்.

(* 'வெளியே வாசலில் வைத்து எடுக்கலாமே?' அப்பாவை ஆணியோடு கழற்றிக்கொண்டு வெளியே வர முடியாது. 'ஃபிளாஷ் போடலாமே?' போட்டால் கண்ணாடியில் அடித்து, அப்பா வெறும் வெள்ளை வட்டமாகிவிடுவார். 'அகலமான லென்ஸ்?' அவளிடம் உள்ள அகல லென்ஸுக்கு அந்த ஒற்றைப் பல்ப் வெளிச்சம் போதாது. படம் முழுக்க மணலை வாரி இறைத்த மாதிரி இருக்கும். இத்தனையும் நான் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட பதில்கள்.)

அவளுடைய சின்னத் தகட்டுக் கமராவில் அப்பா விழுவார், அவருக்கு முன்னால் நிற்பவர்கள் விழுவார்கள். அடுப்படி வாசல் விழாது. அம்மா எப்போதும் அந்த வாசலில்தான் நிற்பார்.

"வாம்மா நடுவுல" என்று யாராவது கூப்பிட்டால் அம்மா சொல்லும் பதில் ஒன்றே ஒன்று: "இடம் பத்தாதுடி. நீங்க நில்லுங்க."

இடம் பத்தாது என்பது உண்மைதான். ஆறு வருடமாக உண்மை. அப்பா இருந்த காலத்திலும் அதே அறைதான், அதே கமராதான். ஆனால் அப்போதைய படங்களில் எல்லாரையும் நெருக்கித் தள்ளிக்கொண்டு அம்மாதான் நடுவில் நிற்கிறார்.

5.

தாலி இறங்கிய பெண் நல்ல காரியத்தில் முன்னுக்கு நிற்கக் கூடாது என்று ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டிலும் இருக்கலாம். கலாராணியின் வீட்டில் யாரும் அதை வாய் திறந்து சொன்னதில்லை. சொல்லத் தேவைப்படவில்லை. 'இடம் பத்தாது' அந்த வேலையைப் பார்த்துக்கொண்டது.

தெமோதரை ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோதுதான் கலாராணி இதைச் சொன்னாள். ஒரு கலியாணத்துக்குப் படம் எடுக்கப் போய்க்கொண்டிருந்தாள்.

"ஹஸீப் நானா கடையில அந்தக் கமராவுல பாத்தேன்ல அண்ணே, நான் நின்ன எடத்துலருந்து கடை வாசல் வரைக்கும் தெரிஞ்சிச்சு. எனக்கு ஒடனே எங்க அடுப்படி வாசல்தான் ஞாபகம் வந்துச்சு. அதை வாங்கிட்டா அம்மாவுக்கும் இடம் இருக்கும். அப்புறம் அம்மா என்ன சொல்லும்?"

"வந்து நிப்பாங்க."

"நிக்கலன்னா? 'நான் தாலியறுத்தவ, நிக்கக்கூடாது'ன்னு வாயால சொல்லிருச்சுன்னா? இத்தனை வருஷமா அம்மா அதைச் சொல்லல. நாங்களும் கேக்கல. நான் ஒரு கமராவை வாங்கிட்டு வந்து அதைச் சொல்ல வைக்கணுமா? எனக்குப் பயமா இருக்குண்ணே."

தங்கச்சி யசோதினிக்கு வருகிற வெள்ளிக்கிழமை கலியாணம். மாப்பிள்ளைக்கு ஊர் ஹல்துமுல்லை. காலையில் கோயிலுக்குப் புறப்படும் முன் அப்பா படத்துக்கு முன்னால் குடும்பமாகப் படம் எடுக்க வேண்டும். எந்தக் கமராவில் எடுப்பது என்பதுதான் கலாராணியின் பிரச்சினை. தன்னுடைய பழையதில் எடுத்தால் அம்மா படத்தில் இல்லை, மானம் இருக்கிறது. புதியதில் எடுத்தால் —

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தெரியவில்லை. விட்டுவிடுகிறேன்.

6.

இப்போது அம்மாவைப் பற்றி ஒரு சந்தேகம். நான் இதுவரை எழுதிவைத்திருந்த அம்மா ஒரு சோகச் சித்திரம். வெள்ளைச் சேலை, தாழ்ந்த தலை, அடுப்பு வெளிச்சம். கலாராணி வாசித்துவிட்டு, "யாருண்ணே இது?" என்று கேட்டாள். நேரில் வந்து பார்க்கச் சொன்னாள்.

போனேன். அம்மா இராக்கம்மா, பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு அப்போதுதான் மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். மயில் கழுத்து நிறத்தில் சேலை. லயத்தின் அந்தக் கடைசிக் காம்பராவில் இருந்தவளை இந்தக் கடைசியிலிருந்தே சத்தம் போட்டு விசாரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் திரும்பினார்.

"நீங்கதானா அது? என்னையும் எழுதுறீங்களாம்ல?"

"ஆமாங்க."

"எழுதுறதுதான் எழுதுறீங்க, கொஞ்சம் ஒல்லியா எழுதுங்க."

ஆகவே, வாசகரே, இராக்கம்மா ஒல்லி.

அதே நேரத்தில் கலாராணி தோளில் பையோடு வந்தாள். ஹஸீப் நானா பொறுமை இழந்து, ஒருநாள் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள் என்று கமராவைக் கையில் திணித்து அனுப்பியிருக்கிறார். இதை நான் கற்பனை செய்யவில்லை. நானாக இருந்தால் கலியாண நாள் வரைக்கும் இழுத்தடித்திருப்பேன்.

கலாராணி அலுமாரியில் முதுகை ஒட்டினாள். யசோதினி அப்பா படத்துக்கு முன்னால் போய் நின்றாள். "விருந்தாளியை நிக்க வைக்காம எப்படி?" என்று அம்மா என்னையும் பிடித்து அவள் பக்கத்தில் தள்ளினார். தள்ளிவிட்டு வழக்கம்போல அடுப்படி வாசலுக்குப் போய்விட்டார், கையில் அகப்பையோடு.

கலாராணி கமராவைக் கண்ணில் வைத்தாள். வைத்தபடியே நின்றாள். யசோதினிக்கும் விஷயம் தெரியும் என்பது அவள் என் பக்கத்தில் மூச்சை அடக்கிக்கொண்டதில் தெரிந்தது.

"அம்மா" என்றாள் கலாராணி. "இதுல நீயும் தெரியிற."

இந்த இடத்துக்காக நான் இரண்டு வசனம் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றில் அம்மா அழுவார், மற்றதில் சுவரைப் பார்த்துப் பேசுவார். அம்மா இரண்டையும் சொல்லவில்லை. அகப்பையை ஜன்னலில் வைத்தார், சேலையில் கையைத் துடைத்தார், நேராக நடந்து வந்தார். யசோதினி அம்மாவுக்கு இடம் விட்டு நகர்ந்தாள். நானும் நகர்ந்தேன். சத்தியமாக என் கண் கலங்கிவிட்டது. (இதை வெட்டக் கூடாது என்று கலாராணியிடம் கெஞ்சி வாங்கியிருக்கிறேன்.)

அம்மா எங்களைத் தாண்டிப் போனார். கலாராணியின் கழுத்திலிருந்து கமராவைக் கழற்றினார்.

"எல்லாரும் தெரியிறோம்ங்கிற, நீ எங்கடி தெரியிற? அப்பா போனதுலருந்து நீயுந்தான் ஒரு படத்துலயும் இல்ல. போய் நில்லு. எதை அமுக்கணும்?"

கலாராணி போய் நின்றாள். அம்மா அமுக்கினார்.

படம் சற்றுச் சரிந்து விழுந்திருக்கிறது. அப்பா தெளிவாக இருக்கிறார். யசோதினி சிரிக்கிறாள். கலாராணி வாயைத் திறந்தபடி நிற்கிறாள். அடுப்படி வாசல் முழுதாகத் தெரிகிறது. அதில் யாரும் இல்லை.

பஸ் ஏற்றிவிட வந்தபோது கலாராணி சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். "பாத்தீங்களாண்ணே, தப்பிச்சிருச்சு! ஆனா அதைச் சொல்லல. சொல்லவே இல்ல." பிறகு, "நாளைக்குப் போய் வாங்கிருவேன்" என்றாள்.

கட்டுரை கேட்ட ஆசிரியருக்கு: முதல் ஃபுல் ஃபிரேம் கமராவைத் தேர்ந்தெடுப்பது இப்படித்தான்.

7.

இனி முடிவு. கலியாணம் வெள்ளிக்கிழமை, நான் இதை எழுதுவது அதற்கு முன்னால். நடக்காததை எழுத எழுத்தாளனுக்கு உரிமை உண்டு என்று நினைத்து ஒரு முடிவு எழுதினேன்: அம்மா யசோதினியின் கையைப் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்கிறார், அப்பா இருந்த காலத்தைப் போல எல்லாரையும் நெருக்கித் தள்ளிக்கொண்டு.

கலாராணியின் குரல் பதிவு: "நல்லாத்தான் இருக்கு. நான் ரெண்டு தரம் வாசிச்சேன். ஆனா நீங்க எழுதிட்டா நடந்த மாதிரி ஆயிரும்ணே. அப்புறம் யாரும் முயற்சி பண்ண மாட்டாங்க. எடுத்துருங்க."

எடுத்துவிட்டேன்.

அம்மா வெள்ளிக்கிழமையும் கமராவைக் கேட்பார், அதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. 'யாராவது அமுக்கணும்ல' என்பதுதான் இப்போது அவருடைய புதுச் சாட்டு. கமராவை அலுமாரி மேல் வைத்து டைமரில் விடலாம் என்றேன். டைமர் ஓடி முடிவதற்குள் அம்மா அடுப்படிக்குப் போய் உலையே வைத்துவிடுவார் என்றாள் கலாராணி. ஹஸீப் நானாவை அழைத்தால்? அவரும் விருந்தாளி, அவரையும் அம்மா பிடித்து நிற்க வைத்துவிடுவார். நான் அமுக்கினால்? என்னை ஏற்கெனவே ஒருதரம் தள்ளி நிறுத்தியதைப் பார்த்தீர்கள்தானே. அந்த வீட்டு வாசலை மிதித்தவர் யாரானாலும் படத்துக்குள் போயாக வேண்டும்.

அம்மாவுக்குத் தெரியாமல் அந்தக் காம்பராவுக்குள் இருப்பவர் ஒரே ஒருவர்தான். நான்காம் பகுதியில் வர்ணனையோடு உள்ளே வந்தவர். அலுமாரிப் பக்கம் நின்று இவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருப்பவர்.

வாசகரே, கொஞ்சம் உதவி செய்யுங்கள். வெள்ளிக்கிழமை காலை, யசோதினி கலியாணச் சேலையில் அப்பாவுக்கு முன்னால் நிற்பாள். ஒரு பக்கம் கலாராணி, மறு பக்கம் நானும் ஹஸீப் நானாவும். அம்மா கமராவோடு அலுமாரியில் சாய்ந்திருப்பார். அவர் கையிலிருந்து அதை வாங்கிக்கொள்ளுங்கள். சட்டென்று தரமாட்டார். 'நீங்க யாரு?' என்று அதட்டுவார், சத்தம் கொஞ்சம் பெரிசாக இருக்கும், பயந்துவிடாதீர்கள். 'இடம் இருக்கும்மா, போய் நில்லுங்க' என்று மட்டும் சொல்லுங்கள். நாங்கள்தான் சொல்லியிருக்க வேண்டும், ஆறு வருடமாகச் சொல்லாமல் விட்டோம். நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு இடம் விட்டு நிற்போம்.

ஒருவேளை அவர் அடுப்படி வாசலுக்கே போய் நின்றாலும் பரவாயில்லை, இந்தக் கமராவில் அதுவும் விழும். வலது ஓரத்தை மட்டும் ஒருதரம் பார்த்துவிட்டு அமுக்குங்கள்.