புறணி

நான் மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுப்பவள். மூளை அறுவைக்காக வந்திருந்த அந்த அக்கா அழகு நிலையம் நடத்துபவர். வாய் ஓயாது. சம்மதப் படிவத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தவர், 'இடது மூளைப் புறணியை ஒட்டிய கட்டி' என்ற வரியில் நின்றுவிட்டார்.

"கடையில நாலு பேரைப் பத்திப் புறணி பேசுறதுதான். அதையா இதுல எழுதியிருக்கீங்க?"

கட்டி அங்கேதான் வரும் என்று தனக்கு எப்போதோ தெரியும் என்றார், கூட வந்திருந்த நாத்தனார். இருவரும் சிரித்தார்கள். ஆனால் அக்கா படிவத்தை என் பக்கம் நீட்டி, அந்த வரியில் விரலை வைத்தார்.

நான் விளக்கினேன். மரத்துக்குப் பட்டை போல உறுப்பின் வெளியடுக்குக்குப் புறணி என்று பெயர், சிறுநீரகத்துக்கும் உண்டு. மூளையில் அது பெரும்பாலும் மூன்று மில்லிமீட்டர் தடிமன்கூட வராது. பேச்சு அதை நம்பித்தான் இருக்கிறது. அதனால் பாதியில் மயக்கத்தைத் தெளியவைத்து, பேசவிட்டபடியே அறுப்பார்கள். மூளைக்கு வலி தெரியாது.

பேசுவதுதான் வேலையென்றால் தனக்குக் கவலையில்லை என்று கையெழுத்துப் போட்டார்.

அறுவை அன்று அவர் முகத்தருகே உட்கார்ந்து படம் படமாகக் காட்டினேன். குடை, சாவி, பூனை என்று சொல்லிக்கொண்டே வந்தார். டாக்டர் பேனா போன்ற கருவியால் புறணியில் ஓரிடத்தைத் தொட்டு மெல்லிய மின்சாரம் பாய்ச்சினார். நான் சீப்புப் படத்தை நீட்டினேன்.

வாய் திறந்தது, சொல் வரவில்லை. இருபது வருடமாகச் சீப்பைப் பிடித்த கை மட்டும் போர்வைக்குள் தலைவாருவதுபோல் அசைந்தது. டாக்டர் கருவியை விலக்கினார்.

"சீப்பு," என்றார் அக்கா. "தெரிஞ்சுதும்மா. பேருதான் போயிருச்சு."

டாக்டர் அந்த இடத்தில் எண்ணிட்ட சின்னக் காகிதம் ஒன்றை வைத்து, அதைத் தொடாமல் கத்தியை வேறு பக்கம் திருப்பினார். பதினோரு வருடம் பிளாஸ்டிக் மூளையைக் காட்டி இந்தச் சொல்லை விளக்கியவள் நான். எழுந்து, எங்களுக்கும் டாக்டருக்கும் நடுவே கட்டியிருந்த திரைக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக, ஈரமாக, சிவப்பு நூலோடிய மடிப்புகள் ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் ஏறி இறங்கின. கையிலிருந்த படங்களை மறந்தே போனேன்.

"அடுத்த படம் எங்கம்மா?" என்று கீழேயிருந்து அக்கா கேட்டார்.

கட்டியைப் பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள். ஒரு மாதம் சில பெயர்கள் தாமதித்து வந்தன; பிறகு சரியாகிவிட்டது. அறுவைக்கு மறுநாளே, எழுந்து நின்று என்ன பார்த்தீர்கள் என்று அக்கா கேட்டார். சொன்னேன். தலைக்கட்டை மெல்லத் தொட்டுப் பார்த்தார்.

"இத்தனை வருஷம் நான் சுமந்தது. நீங்கதான் பாத்திருக்கீங்க," என்றார். "இன்னொரு தடவை சொல்லுங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து சொன்னேன்.