தோள் தொட்ட பின்

பஞ்சகங்கை ஆற்றின்மேல் படர்ந்த பனி கதிரவன் கைபட்டுக் கலைய, கரும்பாலைகளின் புகை வெல்ல மணத்தோடு வானேற, எருமைகளைத் தெருவில் நிறுத்திப் பால் கறந்து தருவோரின் குரல் எங்கும் நிறைய, மற்போருக்குப் பேர்போன கோலாப்பூர் நகரம் மெல்லக் கண்விழித்தது. அங்கே பிள்ளை பிறந்தால் முதலில் தோளைத்தான் பார்ப்பார்கள் என்று சொன்னால் நீங்கள் நகைக்கலாம். நெடுங்காலம் அவ்வூரில் வாழ்ந்த நான் நகைக்க மாட்டேன்.

அன்று காவல்துறை மகளிர் அணியில் எஞ்சியிருந்த ஒரே இடத்துக்குத் தேர்வு. அணியோ சட்டையும் கச்சையும் அணிந்து விரிப்பின்மேல் சப்பானியர் முறையில் மற்போரிடுவது. மோரும் மஞ்சளும் எண்ணெயும் இட்டுக் குழைத்த செம்மண் களத்தில் உருண்டு வளர்ந்த மைனா கோட்டே, அம்முறையைக் கற்கத் தொடங்கிச் சில திங்களே ஆகியிருந்தன. அகவை வரம்பு அவ்வாண்டோடு முடிவதால், தவறினால் மறுமுறை என்பது இல்லை. பெற்றோருடன் கரும்பு வெட்டப் போகவேண்டியதுதான்.

எதிராளியின் பக்கத்தில் அமர்ந்து, தலையை ஒரு கையால் வளைத்து, அவர் கையைத் தன் அக்குளில் இறுக்கி, உடலின் எடையெல்லாம் மார்பின்மேல் இறக்கி மல்லாத்தும் பிடியொன்றைப் பயிற்சியாளர் காம்பிளே பயிற்சி தொடங்கிய முதல்நாள் காட்டியபோதே மைனா சிரித்துவிட்டாள். துறவியின் மேலாடை தோளின் குறுக்கே கிடப்பதுபோல் என்று சப்பானியர் அதற்குப் பெயரிட்டிருந்தனர்.

"இது எங்க கழுத்துப்பூட்டுதான் சார். சட்டை மாத்திக்கிட்டு வந்திருக்கு, அவ்வளவுதான்."

காம்பிளே சிரிக்கவில்லை. மண்களத்தில் தோளிரண்டும் தரை தொட்டாலே வெற்றி, இங்கே இருபது எண்ணும்வரை விடக்கூடாது என்று அன்றும் பின்பும் பலமுறை சொன்னார். அவள் மனம் கேட்டுக்கொண்டது. உடலும் கேட்டுக்கொண்டதா என்று எவரும் வினவவில்லை.

தேர்வு நாளில் எதிரே நின்றவள் புனே நகரத்து அனகா லிமயே. மைனாவின் தமையன் ராணபா ஊராரைத் திரட்டிப் பறையோடு வந்து அமர்ந்திருந்தான். போர் தொடங்கிச் சிறிது நேரத்திலேயே மைனா அனகாவைச் சாய்த்துத் தன் பழைய பிடியில் பூட்டினாள். அனகாவின் தோளிரண்டும் விரிப்பில் பதிந்தன. அக்கணமே, அன்பு மிகுதியால், ராணபா வெற்றிப் பறையை முழக்கினான்.

பிறந்தநாள் தொட்டு அந்த முழக்கத்துக்கு ஒரே பொருளை அறிந்த உடல் எழுந்துவிட்டது. விரிப்பைத் தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டு, தமையனை நோக்கிக் கைகளை உயர்த்தினாள். நடுவர் ஆறுதான் எண்ணியிருந்தார், போரை நிறுத்தவுமில்லை. காம்பிளேயின் கூச்சலைப் பறை விழுங்கிற்று. எழுந்த அனகா ஓர் இமைப்பொழுது தயங்கினாள். பிறகு பின்னிருந்து இடுப்புக்கச்சையைப் பற்றி அவளை மல்லாக்கத் தூக்கி எறிந்தாள். அந்த ஒரு வீச்சே முழு வெற்றியாயிற்று. பறை பாதியில் நின்றது.

கை கழுவும் தொட்டியருகே மைனாவை அனகா தேடி வந்தாள்.

"ஏன்க்கா விட்டீங்க? எனக்கு மூச்சே வரல. நான் அப்பவே தோத்துட்டேன்."

மைனா முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள்.

"முதுகு மண்ணுல பட்டவள அதுக்கு மேல அமுக்கக் கூடாதும்மா. எங்க ஊர்ல அது அசிங்கம்."

அனகா தலைகுனிந்து நின்றாள். இரண்டு பிடிகளும் ஒன்றே என்று மைனா கண்டது பிழையன்று. எப்போது விடுவது என்பதில்தான் ஊருக்கு ஊர் வழக்கம் மாறுகிறது. வென்றபின் விட்டுவிடுதலே பண்பு என்று பழக்கிய மண், அப்பண்பினாலேயே தன் மகளைத் தோற்கவும் வைத்தது. அடுத்த ஐப்பசியில் கரும்பு வெட்டத் தொடங்கினார்கள், மைனாவும் போனாள்.