கரி இருந்த இடம்

"கப்பலை ஃபேர்சைல்டு துறையில நிறுத்துங்க, கேப்டன் ஐயா."

கேட்டுவிட்டாள். இதைக் கேட்காதே என்பதுதான் மூன்று மாதமாக, கப்பல் அடுப்புக்குக் கரி அள்ளும் ஷாட்ரக் கீசையாவுக்கு ஓதிய ஒரே பாடம். "ரொட்டி கேளு, சோப்பு கேளு, கிழிஞ்ச போர்வைக்கு நல்ல போர்வை கேளு. கப்பலை நிறுத்துன்னு மட்டும் கேட்டுடாத புள்ள. போன குளிர்காலத்துல ஒருத்தன் கேட்டான். நிறுத்தினாங்க. அவனை இறக்கி விட்டுட்டுப் போயிட்டாங்க."

இறக்கிவிட்டால் விடட்டும் என்று நினைத்துக்கொண்டுதான் அவள் ஏணி ஏறி வந்திருந்தாள்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்கே வந்திருந்த வடக்குப் படைக் கப்பல் 'மக்கூப்பின்'. அதன் சுக்கான் அறை மேல்தளத்தில் இரும்புத் தகடு போர்த்திய ஒரு கூண்டு. மூன்று பேர் நின்றால் நான்காவது ஆளுக்கு மூச்சுவிட இடமில்லை. வாஷிட்டா ஆற்றின் ஜூன் வெயிலில் அந்தத் தகட்டின் மேல் மாவைத் தட்டினால் வெந்துவிடும். கேப்டன் வெட்மோர் தூரக்கண்ணாடியை இறக்காமலே கேட்டார்.

"அங்க என்ன இருக்கு?"

"என் தங்கச்சி இருக்கா. டில்லா."

சக்கரத்தைப் பிடித்திருந்த வழிகாட்டி கிரிம்ஸ் சிரித்தான். "எனக்கும் மெம்பிஸ்ல ஒரு மாமியார் இருக்கா, கேப்டன். அவளையும் ஏத்திக்குவமா? முன்பக்கப் பீரங்கிக்குப் பதிலா நிறுத்தி வச்சா எதிரி கிட்டயே வர மாட்டான்."

கீசையா அவனைப் பார்க்கவே இல்லை. "காலையில அடுப்புக்கு வேலிக்கட்டை பிடுங்கக் கரை ஒதுங்கினோமே, அங்க ஒருத்தர் சொன்னாருங்க. எங்க எஜமான் ஃபேர்சைல்டு வண்டியெல்லாம் கட்டி வச்சிருக்கானாம். நாளைக்கு விடியறப்ப அடிமைங்க எல்லாரையும் டெக்சாஸுக்கு ஓட்டிக்கிட்டுப் போறானாம். அப்புறம் எந்தக் கப்பல் வந்து என்ன பண்ண? இந்த ஆறு டெக்சாஸுக்குப் போகலியே."

மார்ச் மாதம் இதே கப்பல் முதல்முறை ஆற்றில் ஏறி வந்தபோது அக்காவும் தங்கையும் சேர்ந்துதான் ஃபேர்சைல்டு தோட்டத்தைவிட்டு நாணல்காட்டுக்குள் ஓடினார்கள். பாதி வழியில் டில்லாவுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. நீ போ, கப்பலோட வா என்று அவள்தான் அக்காவைத் தள்ளிவிட்டாள். வர்றேன் என்று சொல்லிவிட்டு கீசையா ஓடினாள். அதற்குப் பிறகு கப்பல் அந்தத் துறையை ஒருமுறை கடந்தது. கீழே காய்ச்சல்காரர்களின் துணியைப் பிழிந்துகொண்டிருந்தவள் விஷயம் தெரிந்து மேலே ஓடி வருவதற்குள் கரையில் நின்று வெள்ளைத் துணி ஆட்டியவர்கள் விரல் அளவுக்குச் சிறுத்துப் போயிருந்தார்கள். அதில் டில்லா இருந்தாளா இல்லையா என்பதுகூட அவளுக்குத் தெரியாது.

வெட்மோர் தூரக்கண்ணாடியை இறக்கினார். கெட்ட மனிதர் இல்லை. வடக்கே கடலோர ஊர்க்காரர். இந்தச் சேற்று ஆற்றுக்கு வந்ததிலிருந்து ஒருநாள்கூடச் சரியாகத் தூங்கியிருக்க மாட்டார்.

"ஏப்ரல்ல நம்ம துணைப்படகுல எழுபது பேரை ஏத்தினாங்க. கரையிலேர்ந்து சுட ஆரம்பிச்சப்ப பீரங்கியைப் பின்னுக்கு இழுக்க இடம் இல்ல. தளம் முழுக்க ஆளுங்க. எத்தனை பிள்ளைங்க போச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் ஐயா. நான்தான் கழுவி எடுத்து வச்சேன்."

வெட்மோர் தூரக்கண்ணாடியை மடக்கினார். "அதுக்கப்புறம்தான் மேலிடத்துலேர்ந்து உத்தரவு. போர்க்கப்பல்ல அகதிகளை ஏத்தக் கூடாது. பின்னால ஒரு சரக்குப் படகு வரும், அதுல..."

"எப்ப வரும்?"

கிரிம்ஸ் சக்கரத்தை ஒரு பிடி திருப்பினான். அந்தப் படகுக்கு யாரும் தேதி குறித்திருக்கவில்லை.

அப்போது காலடியில் இருந்த அதிர்வு குறைந்தது. துடுப்புச் சக்கரம் தண்ணீரை அடிக்கும் சத்தம் இழுத்து இழுத்து வந்தது. முன்முனையில் ஆழம் பார்ப்பவன் குரல் கொடுத்தான். "ஏழரை அடி." கப்பல் மிதக்க ஆறு அடி வேண்டும். ஆற்றுத் தண்ணீர் ஒவ்வொரு நாளும் ஒரு சாண் வற்றிக்கொண்டிருந்தது. எட்டு மைல் கீழே ஒரு மணல் திட்டு. இன்று பொழுது சாய்வதற்குள் அதைத் தாண்டாவிட்டால், அடுத்த மழைவரை இந்த இரும்புப் பெட்டி, உள்ளே நூற்று முப்பது பேரோடு, எதிரியின் ஆற்றில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதில் நாற்பது பேர் காய்ச்சலில் கிடந்தார்கள்.

ஏணியில் மூச்சு வாங்க ஏறி வந்தார் ஷாட்ரக். தலையிலிருந்து கால்வரை கரியும் வியர்வையும். தாடி பாதிக்குமேல் நரைத்துவிட்டது. கப்பலின் ஆள்பட்டியலில் அவர் பெயருக்கு நேரே 'பையன், முதல் தரம்' என்றுதான் எழுதியிருந்தது. தப்பி வந்த கருப்பர்கள் எல்லாருக்கும், எத்தனை வயதானாலும், கடற்படை அப்படித்தான் எழுதியது. ஒரு மனிதனை ஐம்பது வயதில் பையனாக்க ஒரு எழுத்தரும் ஒரு பேனாவும் போதும்.

"பொறியாளர் சொல்லி அனுப்பினாருங்க. நீராவி பாதிக்குக் கீழ போயிடுச்சு. வேலிக்கட்டை எல்லாம் வெள்ளத்துல ஊறினது, போட்டா அடுப்புல அழுவுது. கெட்டுப்போன பன்றிக்கொழுப்பு இருந்துச்சே நாலு பீப்பாய், அதையும் போட்டு எரிச்சாச்சு." கீசையாவை அங்கே பார்த்ததும் அவர் முகம் மாறியது. "நீ இங்க என்ன பண்ற?"

"கேட்டுட்டேன், அண்ணே."

ஷாட்ரக் கண்ணை மூடித் திறந்தார்.

"கரி?" என்றார் வெட்மோர், பதில் தெரிந்துகொண்டே.

"கரிப் படகு முங்கி இன்னையோட ஒன்பது நாளுங்க. கிடங்கைப் பெருக்கி எடுத்த தூளும் தீர்ந்துபோச்சு."

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"இந்தப் பையனுக்குக் கணக்கெல்லாம் தெரியாதுங்க. ஒரு மணி நேரம் தாங்காதுன்னு மட்டும் தெரியும்."

கீசையா இதற்காகத்தான் காத்திருந்தாள் என்று சொன்னால் பொய். அவளுக்கு அந்த நொடியில்தான் அது பட்டது. பட்டதும் வாயில் வந்துவிட்டது.

"காய்ஞ்ச விறகு நான் தர்றேன்."

மூவரும் திரும்பினார்கள்.

"ஃபேர்சைல்டு நீராவிப் படகுங்களுக்கு விறகு வித்தவன். கரையில இருந்ததை உங்காளுங்க கைக்குக் கிடைக்கக் கூடாதுன்னு அவங்க படையே கொளுத்திட்டுப் போச்சு. ஆனா அவன் ஒரு பங்கை ஒளிச்சு வச்சிருக்கான். நல்ல ஆஷ் மரம், ரெண்டு வருஷம் காய்ஞ்சது. நானும் டில்லாவும் இன்னும் பதினேழு பேரும் வெட்டி அடுக்கினது. எந்த நாணலுக்குள்ள, எந்த ஓடைக்குப் பின்னாலன்னு எனக்குத் தெரியும்."

"எங்கே?" வெட்மோர் ஓர் அடி முன்னே வந்தார்.

"வெட்டினவங்களையும் ஏத்துவீங்களா?"

"கீசையா, கீழ நாற்பது பேர் சாகக் கிடக்கிறாங்க. அவங்களுக்குத் தண்ணி குடுக்கறதே நீதான். அவங்களை வச்சு என்கிட்ட பேரம் பேசறியா?"

அது சுட்டது. நான்காம் படுக்கையில் ஒரு ஸ்வீடன்காரன் கிடந்தான். நீராவிக் குழாய் உடைந்து தோல் முழுக்க வெந்துபோனவன். அவள் துணி மாற்றும்போது அவள் பெயரைத் தப்புத் தப்பாகச் சொல்லி நன்றி சொல்வான். அவன் சாக வேண்டும் என்று அவள் எப்படி நினைப்பாள்? ஆனால் பதினாறு வயது டில்லாவைக் கயிற்றில் கட்டி டெக்சாஸ்வரை நடத்திப் போவார்கள் என்பதையும் யாராவது ஒருவர் நினைக்க வேண்டுமே.

"ஆமாங்க, பேரம்தான். என்னையே ரெண்டு தடவை பேரம் பேசி வித்திருக்காங்க. கேட்டுக் கேட்டுத்தான் கத்துக்கிட்டேன்."

கிரிம்ஸ் இப்போது சிரிக்கவில்லை.

"அவங்களை ஏத்த இடம் எங்க இருக்கு?" வெட்மோரின் குரல் தாழ்ந்திருந்தது. "அதைச் சொல்லு. மறுபடியும் பீரங்கித் தளத்துல ஆளுங்களை அடைச்சு என்னால..."

"தளம் எதுக்கு? கரிக்கிடங்கு காலியாத்தானே கிடக்கு. ரெண்டு பக்கமும், தகட்டுக்கு உள்ள. குண்டு துளைக்காத இடம் இந்தக் கப்பல்லயே அதுதான்னு நீங்கதான் ஒருநாள் சொன்னீங்க. கரி இருந்த இடத்துல அவங்க இருக்கட்டும்."

வெட்மோர் ஷாட்ரக்கைப் பார்த்தார். ஷாட்ரக் தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பதினெட்டு பேர் தாராளமா உக்காரலாங்க. விறகை அடுக்கறதுக்கும் கை வேணும். என் கூட்டத்துல பாதிப் பேர் வெக்கையில மயங்கிக் கிடக்கிறாங்க."

கேட்காதே என்று மூன்று மாதம் சொன்ன மனிதர்தான். கீசையா அவரைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டாள். பார்த்தால் அழுதுவிடுவாள். அழுவதற்கு இது நேரமில்லை.

"என்னால அப்படி ஒரு உத்தரவு குடுக்க முடியாது," என்றார் வெட்மோர். நெற்றியை உள்ளங்கையால் துடைத்தார். "எழுதின உத்தரவு, கீசையா. என் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கேன்."

"நீங்க உத்தரவு குடுக்க வேண்டாங்க." அவள் இடுப்பில் கட்டியிருந்த மருத்துவத் தளத்து ஏப்ரனை அவிழ்த்தாள். "உங்க நீலச் சட்டைச் சிப்பாய்ங்க நாணலுக்குள்ள இறங்கினா மேட்டுலேர்ந்து சுடுவாங்க. தலையில விறகு தூக்கிக்கிட்டுப் போற கருப்பச்சியை ஒருத்தனும் நிமிர்ந்து பார்க்க மாட்டான். அதனால நான் போறேன். ரெண்டு மணி நேரத்துல விறகு வரும். எங்க ஆளுங்க தோள்ல வரும். தூக்கிட்டு வந்தவங்க கரைக்குப் போடற பலகை ஏறி உள்ள வந்து அடுக்குவாங்க. அடுக்கி முடிச்சதும் அவங்களை மறுபடியும் கரையில இறக்கணும்னா, அந்த உத்தரவை மட்டும் நீங்க குடுக்கணும். அவங்க மூஞ்சியைப் பார்த்துச் சொல்லணும்."

ஆழம் பார்ப்பவனின் குரல் மறுபடியும் வந்தது. "ஏழு அடி."

வெட்மோர் வெளியே பார்த்தார். வளைவுக்கு அப்பால் ஃபேர்சைல்டு துறையின் கருகிய மரத்தூண்கள் தெரியத் தொடங்கியிருந்தன. "திரும்பி வராம போயிட்டா?"

"நானா? நான் இங்கதானே மூணு மாசமா இருக்கேன்." அவள் ஏப்ரனை மடித்து ஷாட்ரக்கின் கையில் வைத்தாள். "நாலாம் படுக்கைக்காரனுக்கு மதியம் எண்ணெய்த் துணி மாத்தணும், அண்ணே. இழுத்து எடுக்காதீங்க. நனைச்சு எடுங்க."

"நீயே வந்து மாத்து," என்றார் ஷாட்ரக். "என் கைக்குக் கரி அள்ளத்தான் தெரியும்."

"வர்றேன்."

அதே வார்த்தையைத்தான் டில்லாவிடமும் சொல்லியிருந்தாள். இரும்புக் கதவு பாதி திறந்தே இருந்தது. அவள் அதைத் தோளால் தள்ளி வெயிலுக்குள் இறங்கினாள். பின்னால் வெட்மோர் கிரிம்ஸிடம் ஏதோ சொன்னார். கரை என்பதும் பலகை என்பதும் காதில் விழுந்தன. மிச்சத்தைக் கேட்க அவள் நிற்கவில்லை. ஏணியில் பாதி இறங்கியிருந்தாள்.