இடப்பக்கத்து இருக்கை

சனிக்கிழமை காலை ஆறே காலுக்கு நாகஜோதி பெருமாநல்லூர் பனியன் கம்பெனி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கன்னத்தில் ஒரு துண்டு இஞ்சியை அடக்கியிருந்தாள். அதை யாரும் பார்த்துவிடக் கூடாது.

அவளுக்குப் பயணம் ஒத்துக்கொள்ளாது. அருப்புக்கோட்டையிலிருந்து திருப்பூருக்கு வேலைக்கு வந்த நாளில் பஸ்ஸில் ஆரம்பித்தது, இன்னும் நிற்கவில்லை. விஷயத்தைக் கேட்டதும் அவள் கணவன் மூக்கையா சிரித்தான். "குடராட்டினத்தப் பாத்தாலே ஒனக்கு வாந்தி வரும். நீ ஜீப்புல ஒக்காந்து வழி சொல்லப் போறியாக்கும்."

வழி சொல்லத்தான் போகிறாள். முதலாளியின் மருமகள் வர்ஷினி அடுத்த மாதம் ஒரு ராலிப் பந்தயத்தில் ஜீப் ஓட்டுகிறாள். பக்கத்தில் உட்கார்ந்து ரூட் ஷீட்டைப் பார்த்து வழி சொல்ல ஒருவர் வேண்டும். தைத்த துணியைச் சரிபார்க்கிற செக்கிங் பிரிவில் இத்தனை மிஷின் சத்தத்துக்கு மேலே கேட்கிற குரல் நாகஜோதியுடையது. வர்ஷினி அவளைக் கேட்டாள். வர்ஷினியின் மாமனார் ஒரு நிபந்தனை வைத்தார். இந்த இரண்டு நாள் பயிற்சி சரியாக வந்தால் நாகஜோதி. இல்லாவிட்டால் கோயம்புத்தூரில் பழகின ஆள் ஒருவர் தயாராக இருக்கிறார். திங்கட்கிழமை பெயர் கொடுக்க வேண்டும்.

திருப்பூருக்கு வந்தபின் அவளுக்குக் கிடைத்தது எல்லாம் வேலைதான். வேலை அல்லாத ஒன்றை யாரும் அவளைக் கூப்பிட்டுக் கொடுத்ததில்லை. இந்த இருக்கைதான் முதல்.

மூன்று ஜீப்புகள் கிளம்பின. முன்னால் கிட்டுசாமி. துணி பின்னுகிற நிட்டிங் கம்பெனி வைத்திருப்பவர், இந்த ஜீப் கூட்டத்துக்குப் பெரியவர். அவருக்கு வழி சொல்கிறவன் ஆரோக்கியராஜ், அவருடைய மிஷின் மெக்கானிக், தூத்துக்குடிப் பக்கம். கடைசி வண்டியில் திருப்பூர் ராயபுரத்து அண்ணன் தம்பி இருவர். அவிநாசிபாளையம் தாண்டி, தாராபுரம் ரோட்டை விட்டு இறங்கி, கிட்டுசாமியின் கொறங்காட்டில் கூடாரம் போட்டார்கள். கிளுவை வேலி சூழ்ந்த மேய்ச்சல் காடு. தூரத்தில் காற்றாலைகள் சுற்றின. நாகஜோதி அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

கிட்டுசாமி ரூட் ஷீட்டுகளைக் கொடுத்தார். காட்டைச் சுற்றி, பள்ளத்தில் இறங்கி ஏறி, ஊர்களின் பின்புறமாகத் திரும்பி வர வேண்டும்.

"சரிங்க மேடம், போலாமா?" என்றாள் நாகஜோதி.

"அம்மிணி," என்றார் கிட்டுசாமி. "ஜீப்புக்குள்ள மேடம் கெடையாதுங்க. நீங்க மேடம்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள திருப்பம் போயிரும்."

"அப்ப எப்பிடிக் கூப்பிட?"

"கூப்பிடவே வேண்டாமுங்க்கா," என்றாள் வர்ஷினி. "இடதுன்னா இடது. அவ்வளவுதான்."

செக்கிங் மேஜையில் ஒரு வழக்கம் உண்டு. டேப் பிடிப்பவள் அளவைச் சொல்வாள். எழுதுபவள் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழுதுவாள். நாகஜோதிக்கு வேறு விதமாக வேலை செய்யத் தெரியாது. ஜீப்பிலும் அப்படியே செய்யச் சொன்னாள்.

"வேலி முடியுது, வலது."

"வலது."

"கல்லுக்கால், நேரா."

"நேரா."

நன்றாகத்தான் போனது. குனிந்து தாளைப் பார்க்கும்போதெல்லாம் இஞ்சியைக் கடித்தாள். அடுத்த வரியைப் படித்தாள்.

பள்ளத்தில் மாட்டிக்கொண்டார்கள். முந்தின வாரத்து மழை கரிசலுக்குள் அப்படியே இருந்தது. பின்சக்கரங்கள் சுற்றிச் சுற்றிக் கீழே போயின. வர்ஷினி இறங்கிப் பார்த்தாள்.

திருப்பூர்க்காரர்களுக்கு எந்தச் சிக்கலுக்கும் ஒரே வைத்தியம் வேஸ்ட் துணி. எண்ணெய் சிந்தினால் அது, கதவு ஆடினால் அது, தலையணைக்குள்ளும் அதுதான். ஜீப்பின் பின்னால் ஒரு மூட்டை இருந்தது. மழைக்காலத்தில் கம்பெனி வேன் சேற்றில் சிக்கினால் நாகஜோதி கோணிச்சாக்கு போட்டுப் பார்த்திருக்கிறாள். சாக்குக்குப் பதில் இது என்று நினைத்தாள். மூட்டையை அவிழ்த்து இரண்டு சக்கரத்தின் அடியிலும் திணித்தாள்.

"இப்பக் குடுங்க," என்றாள்.

வர்ஷினி ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள். சக்கரம் துணியைக் கவ்வியது. ஒரு கணம் வண்டி முன்னால் நகர்ந்தது. பிறகு உள்ளேயிருந்து ஒரு முனகல் வந்தது, சக்கரம் நின்றுவிட்டது. மூட்டைத் துணி முழுதும் அச்சில் சுற்றிக்கொண்டு இறுகியிருந்தது.

கிட்டுசாமியின் ஜீப் அந்தத் தடத்தில்தான் வந்தது. அவர் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டி, மண்டியிட்டுப் பார்த்தார்.

"என்ன துணிங்க அது?"

"ரிப்புங்க," என்றாள் நாகஜோதி. "லைக்ரா போட்டது."

"சாக்குன்னா கிழிஞ்சிருக்கும். இது கிழியாதுங்க. நீளும்."

கிட்டுசாமி சட்டைப் பையிலிருந்து நூல் வெட்டுகிற டிரிம்மரை எடுத்தார். ஆரோக்கியராஜும் எடுத்தான். ராயபுரத்துக்காரர்கள் தங்கள் சுற்றை முடித்துவிட்டுத் தேடி வந்தார்கள். அவர்களிடமும் ஆளுக்கொன்று இருந்தது. ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி, சேற்றில் மல்லாந்து படுத்து, எல்லோரும் துணியை வெட்டத் தொடங்கினார்கள்.

"எக்கா," என்றான் ஆரோக்கியராஜ், வண்டிக்கு அடியிலிருந்து. "துணி அருமையா இருக்கு. எந்தக் கம்பெனி நிட்டிங்?"

"ஒங்க கம்பெனிதான்யா."

"அதான பாத்தேன். மொதலாளி, நம்ம துணிக்குக் கம்ப்ளெய்ன்டே வராது."

"பேசாம வெட்டுங்க தம்பி," என்றார் கிட்டுசாமி. சிரிப்பில் அவர் தோளெல்லாம் குலுங்கியது.

நாகஜோதி வெட்டிய துணியை வாங்கி வாங்கி மூட்டையில் போட்டாள். யாராவது திட்டுவார்கள் என்று காத்திருந்தாள். கம்பெனியில் ஒரு பீஸ் தப்பானால் யார் பெயர் என்று முதலில் கேட்பார்கள். இங்கே அந்தக் கேள்வியே வரவில்லை. அடுத்த டிரிம்மர் எங்கே, வெளிச்சம் இந்தப் பக்கம் விழட்டும், கையைப் பார்த்து, இவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள்.

கடைசிச் சுற்றும் வெளியே வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கயிறு போட்டு ஜீப்பை மேலே இழுத்தார்கள். வடக்கே மேகம் கூடி நின்றது. மழை இறங்கினால் நாளைக்குப் பள்ளத்தில் வண்டி விட முடியாது. இருட்டுவதற்குள் ஒரு சுற்றுக்குத்தான் நேரம், சேறாகிப் போன பள்ளமும் இனி ஒரு வண்டியைத்தான் தாங்கும். கிட்டுசாமி இன்னும் ஒரு சுற்றுகூட முடிக்கவில்லை.

"நீங்க போய்ட்டு வாங்க," என்றாள் வர்ஷினி.

"நீ போ கண்ணு."

"உங்க சுத்தக் கெடுத்ததே நாங்கதானுங்க."

"இது எங்க காடு. தெரிஞ்ச தடத்துல ஓட்டி நான் என்னத்தப் பழகப் போறேன்? அம்மிணியத்தான் திங்கக்கெழமைக்குள்ள பாக்கோணும். போங்க, மழை வருது."

நாகஜோதியின் ஊரில் இதற்கெல்லாம் சொல்லில் பதில் சொல்லிப் பழக்கமில்லை. டிரிம்மர்களை வாங்கி, சேலைத் தலைப்பில் சேறு போகத் துடைத்து, அவரவர் கையில் திருப்பிக் கொடுத்தாள். கிட்டுசாமியிடம் கொடுக்கும்போது இரண்டு கையாலும் கொடுத்தாள். ஜீப்பில் ஏறினாள்.

"வேலி முடியுது, வலது."

"வலது."

"கல்லுக்கால், நேரா."

"நேரா."

பள்ளத்தில் இறங்கினார்கள். இந்த முறை ஏறியும் விட்டார்கள். அதற்குப் பின் அவள் அதுவரை படிக்காத வரிகள். தடம் வளைந்து வளைந்து போனது. எழுத்துகள் தாளில் நழுவின. இஞ்சி எப்போதோ தீர்ந்துவிட்டது. வாயில் நீர் ஊறியது.

காலையில் என்றால் மறைத்திருப்பாள். இத்தனை பேர் சேற்றில் படுத்து எழுந்து கொடுத்த சுற்று இது. இதற்குள் உட்கார்ந்துகொண்டு ஒரு விஷயத்தை மறைக்க அவளால் முடியவில்லை.

"எனக்கு வண்டி ஒத்துக்காது," என்றாள். "திருப்பூருக்கு வந்த நாள்லருந்தே. சொல்லாம வந்துட்டேன். இப்ப வாந்தி வருது. கோயம்புத்தூர் ஆளக் கூட்டிக்கோங்க."

வர்ஷினி கியரை மாற்றினாள். வண்டியின் வேகம் குறையவில்லை.

"காலைலயே தெரியுமுங்க்கா, வண்டி பூரா இஞ்சி வாசம். வெளிய எட்டி எடுத்துக்குங்க, நான் நிறுத்த மாட்டேன். பனமரம் வந்திருச்சு, எந்தப் பக்கமுங்க்கா?"