கொக்கு ஏன் விலகினார்

போக்கர் மேசையில் டாக்டருக்கு நல்ல சீட்டு வந்தால், எதிரே இருக்கும் கொக்கு ஆட்டத்திலிருந்து விலகிவிடுகிறார். வெறும் சீட்டை வைத்து மிரட்டினால் மட்டும் எதிர்த்து நிற்கிறார். எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்பதுதான் டாக்டருக்குப் பிடிபடவில்லை.

போக்கரில் ஆளுக்கு இரண்டு சீட்டு, மற்றவர் கண்ணில் படாமல். நடுவில் ஐந்து சீட்டு, எல்லோருக்கும் பொது. கையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் பந்தய வில்லைகளை அள்ளி நடுவே தள்ளி, எதிராளியைப் பயந்து விலக வைக்கலாம். அந்தப் பொய் எடுபட, உண்மையும் பொய்யும் வெளியே ஒரே மாதிரி தெரிய வேண்டும். அதற்காக டாக்டர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டார். கழுத்தில் துடிக்கும் ரத்தக்குழாயைச் சால்வையால் மறைத்தார். அப்படியும் இரண்டு நாள் போட்டியில் சனிக்கிழமை ஆட்டம் நின்றபோது, மிஞ்சிய இருவரில் முக்கால்வாசி வில்லைகள் கொக்கிடம் இருந்தன.

கொக்கு லிஃப்ட் பழுது பார்ப்பவர். நீண்ட கழுத்து, அதனால் இந்தப் பேர். "உங்க முகம் கல்லு மாதிரிதான் இருக்கு டாக்டரம்மா. என்ன பண்றது, கல்லும் என்கிட்ட பேசுதே!" என்று சிரித்தார்.

வீட்டில் கணவர் சிரிக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை ஆனா உன் நாற்காலிதான் வீட்ல இருக்கு, நீ இல்ல. இந்தத் தடவையும் அவர்கிட்ட தோத்தா சீட்டையே தொடமாட்டேன்னு நீதான் சொன்ன."

"ஞாபகம் இருக்குங்க."

"சும்மா கேட்டேன். சாப்பிடு."

டாக்டர் தட்டை நகர்த்தி வைத்தார். நாளை தோற்றால் இந்த ஆட்டம் தன் வாழ்க்கையிலிருந்தே போய்விடும்.

ஞாயிறு காலை வார்டுக்குப் போனார். வயிற்றுவலிக்காரரான பஸ் டிரைவர் முன் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார். குளிர்ந்த கை பட்டால் வயிற்றுத் தசை தானாக இறுகும். உள்ளே இருக்கும் கட்டியோ வீக்கமோ விரலுக்குத் தட்டுப்படாது. அதனால்தான் கையைச் சூடாக்குவது. ஆனால் அவர் தொடுவதற்கு முன்பே டிரைவர் வயிற்றை இறுக்கிக்கொண்டார்.

"தொடவே இல்லையே, ஏங்க இறுக்கறீங்க?"

"கையத் தேய்ச்சீங்களே டாக்டர்! தேய்ச்சா அமுக்கப் போறீங்க. நேத்து தேய்க்கல, நாக்க மட்டும் பாத்துட்டுப் போயிட்டீங்க."

டாக்டர் அப்படியே நின்றார். நேற்று ராணி ஜோடி வந்தபோது வில்லைகள் விரலில் சில்லென்று பட்டது நினைவுக்கு வந்தது. கை சூடாக இருந்தால்தானே அவை அப்படிச் சில்லிடும்? நல்ல சீட்டு என்றால் பதமாகக் கையாள வேண்டியது. தனக்கே தெரியாமல் கை தேய்த்துத் தயாராகிவிடுகிறது. வெறும் சீட்டுக்கு அந்த மரியாதை இல்லை.

மதியம் ஆட்ட மேசையில் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தார். கொக்கு கழுத்தை நீட்டினார். "என்ன டாக்டரம்மா, கையக் கட்டிப் போட்டாச்சா?" நல்ல சீட்டு வந்தபோது விரல்கள் தவித்தன. அந்தத் தவிப்பே தோளில் தெரிந்துவிட்டது, கொக்கு விலகினார். தேய்க்காமல் இருப்பது சரிப்படவில்லை.

அடுத்து வந்தது குப்பைச் சீட்டு. டாக்டர் வேண்டுமென்றே கையைத் தேய்த்து எல்லா வில்லைகளையும் தள்ளினார். கொக்கு முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். விலகினார். சந்தேகம் தீர்ந்தது. ஆனால் இந்தப் பொய் ஒருமுறைதான் செல்லும்; இரண்டாம் முறை பிடித்துவிடுவார்.

அடுத்த சீட்டுகள் கவிழ்ந்தபடி வந்து விழுந்தன. அவற்றை எடுக்காமலே டாக்டர் கையைத் தேய்த்தார். அதற்கடுத்த முறையும். அதற்கடுத்ததும். கொக்கின் கண்கள் கைக்கும் முகத்துக்கும் அலைந்தன. பேச்சு குறைந்தது, தப்பான இடங்களில் விலகினார். வில்லைகள் மெல்ல இந்தப் பக்கம் சேர்ந்தன. கடைசியில் எரிச்சலோடு, "பொய்தான்!" என்று எல்லாவற்றையும் தள்ளினார். டாக்டர் திருப்பிக் காட்டியது ராணி ஜோடி. நடுவில் இன்னொரு ராணி கிடந்தது; மூன்று ராணிகளோடு ஆட்டம் டாக்டருக்கு.

வெளியே வந்து கணவருக்குப் போன் செய்தார்.

"ஏங்க, அடுத்த ஞாயிறும் வீட்ல நாற்காலிதான்."

மறுமுனையில் பெருமூச்சு. பிறகு, அடக்க முடியாமல், "எப்படிம்மா?"

"சீட்டப் பாத்துட்டுக் கையத் தேய்ச்சிட்டிருந்தேன். இப்ப பாக்கறதுக்கு முன்னாடியே தேய்ச்சுடறேன், ஒவ்வொரு தடவையும்."